வந்த கதிரை, போன கட்டில்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் பாதியைத் தாண்டும்போது கால் கேட்பது ஒன்றைத்தான்: உட்கார ஓர் இடம். பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலைப் பக்கத்து டீக்கடைகளில் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலுக்கு வந்துவிடும். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் அதைக் ‘குர்ச்சி’ என்று கேட்பார்கள். பெங்களூர்க் குடும்பத்துக்கும் அது ‘குர்ச்சி’தான். பாலக்காட்டுக்காரர் ‘கசேர’ என்பார். கடைக்காரர் உள்ளே திரும்பி, “தம்பி, பெரியவருக்கு ஒரு சேர் எடுத்துப் போடுப்பா” என்பார். திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. அங்குள்ள வீடுகளில் அதே பொருள் ‘கதிரை’. அந்த வீட்டுப் பிள்ளை படிக்கிற பாடநூலில் ‘நாற்காலி’.

ஒரே பொருளுக்கு ஐந்து பெயர். இவற்றில் கசேர, சேர், கதிரை மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒலியைக் கேட்டால் நம்பத் தோன்றாது. ஒவ்வொன்றும் நடந்த வழியைப் பின்தொடர்ந்து போனால்தான் உறவு தெரியும்.

கிரேக்கத்தில் ‘கதெட்ரா’ என்றால் இருக்கை. ‘கதா’ என்பது கீழே, ‘ஹெட்ரா’ என்பது அமரும் இடம். லத்தீன் மொழி இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. கிறித்துவத் திருச்சபை வளர்ந்தபோது ஆயர் அமர்ந்து போதிக்கும் ஆசனத்துக்கு அதுவே பெயராயிற்று; ஆயரின் ஆசனம் உள்ள கோயில் ‘கதீட்ரல்’ என்றானது. சென்னை சாந்தோம் தேவாலயத்தைக் கதீட்ரல் என்று சொல்கிறவர்கள், தெரியாமலே ஒரு நாற்காலியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது சொல்லும் பிரிந்தது. பழைய பிரெஞ்சு வாயில் நடுவிலிருந்த மெய் தேய்ந்துபோய், 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் புகுந்து ‘சேர்’ ஆனது. போர்ச்சுகலில் நடுமெய் தேயாமல் ‘கதெய்ரா’ என்று நின்றது.

அந்தக் கதெய்ரா கப்பலேறியது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். 1505இல் போர்ச்சுகீசியர் இலங்கைக் கரையைத் தொட்டார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்குப் போனது. 1658இல் டச்சுக்காரர் வந்து அவர்களை விரட்டினார்கள். போர்ச்சுகீசியர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது நாற்பது ஆண்டுகூட இல்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போன இருக்கையின் பெயர் இன்றுவரை அந்த மண்ணின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

‘கதெய்ரா’ எப்படிக் ‘கதிரை’ ஆயிற்று என்பதில் தமிழின் கைவேலை தெரியும். அயல்சொல்லின் கடைசி ஆகாரத்தைத் தமிழ் ஐகாரமாக்கிக்கொள்ளும். ‘மேசா’ மேசையானதும் இதே வாய்ப்பாட்டில்தான். நடுவிலிருந்த ‘எய்’ இகரமாகக் குறுகியது. மூன்றெழுத்தாக முடிந்து, வேற்றுமை உருபு ஏற்க வசதியாக உட்கார்ந்துவிட்டது: கதிரையில், கதிரையை, கதிரைக்கு. அயல்சொல் என்பதற்கு ஒரு தடயம்கூட மிஞ்சவில்லை.

யாழ்ப்பாணத்து வீடு ஒன்றின் முன்னறையைச் சொல்லால் மட்டும் சுற்றிப் பார்த்தாலே இரண்டு கப்பல்படைகளின் வரலாறு கிடைத்துவிடும். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், உட்காரும் நீளப் பலகையான வாங்கு எல்லாம் போர்ச்சுகீசியர் தந்தவை. வாங்கு என்பது அவர்களின் ‘பாங்கோ’. மேசையின் இழுப்பறைக்கு அங்கே ‘லாச்சி’ என்று பெயர்; அது டச்சுச் சொல். வேலைக்குப் போகிற கந்தோரும் டச்சுதான். தமிழ்நாட்டில் ‘பெஞ்சு’ என்பதும் அங்கே ‘வாங்கு’ என்பதும் ஐரோப்பாவில் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து கிளைத்தவை. பணம் போடுகிற ‘பேங்க்’கும் அந்தக் குடும்பம்தான். இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுகிறவர்கள் ஒரு பெஞ்சைப் போட்டு அதன்மேல் தொழில் செய்தார்கள்.

கதிரையைப் ‘பறங்கிச் சொல்’ என்று ஒதுக்குகிற பேச்சு தமிழ்நாட்டில் அவ்வப்போது எழுகிறது. அது நியாயமில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் தாயிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்டு வரும் சொல் அது. சாய்ந்து இளைப்பாறுவது சாய்மனைக் கதிரையில். 1994 தேர்தலில் இலங்கையில் ஆட்சியைப் பிடித்த மக்கள் கூட்டணியின் சின்னம் அங்குள்ள தமிழருக்குக் ‘கதிரைச் சின்னம்’. ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 2008இல் விரிவான பதிப்பாக வந்தபோது இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனிக் குறியிட்டுச் சேர்த்துக்கொண்டது. அகராதிக்காரர்கள் காட்டிய அந்தப் பெருந்தன்மை வகுப்பறைகளுக்கும் வர வேண்டும். முகாமிலிருந்து வரும் பிள்ளை ‘கதிரை’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்க எந்தக் காரணமும் இல்லை. அது தவறில்லை, இன்னொரு தமிழ்.

வரைபடத்தை எடுத்து, கதெய்ராவின் பிள்ளைகள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று புள்ளி வைத்துப் பார்க்கலாம். கோவாவின் கொங்கணியில் ‘கதேல்’. கேரளத்தில் ‘கசேர’. யாழ்ப்பாணத்தில் ‘கதிரை’. வங்காளத்தில் ‘கேதாரா’, சாய்வு நாற்காலியை அங்கே ‘ஆராம் கேதாரா’ என்பார்கள். நான்கும் கடலோரம். கோவா, கொச்சி, யாழ்ப்பாணம், ஹூக்ளி என்று போர்ச்சுகீசியர் கால் ஊன்றிய துறைகளை ஒட்டியே சொல்லும் கரையேறியிருக்கிறது. ஒரு விதிவிலக்கு சிங்களம். மேசைய, அல்மாரிய, ஜனேலய என்று மற்றதையெல்லாம் போர்ச்சுகீசியரிடம் வாங்கிக்கொண்ட அந்த மொழி, நாற்காலிக்கு மட்டும் ‘புட்டுவ’ என்றே சொல்கிறது.

கரையை விட்டு உள்ளே போனால் காட்சி மாறுகிறது. தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, இந்தி, உருது, பஞ்சாபி எல்லாவற்றிலும் குர்சி, குர்ச்சி, குர்ஷி என்று ஒரே சொல்லின் சாயல்கள். இது குதிரையேறி வந்த சொல். அரபியின் ‘குர்ஸீ’ பாரசீகம் வழியாக, சுல்தான்களின் அவைகள் வழியாக, தக்காணம்வரை இறங்கியது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் தினமும் ஓதப்படும் ஆயத்துல் குர்ஸீயில் வருவதும் இதே சொல்தான். அங்கே அது இறைவனின் அரியாசனம். அரபிக்கு முன்னால் அரமேய மொழியிலும், அதற்கு முன்னால் பாபிலோனியர் பேசிய அக்காடிய மொழியில் ‘குஸ்ஸூ’ என்றும், சுமேரியக் களிமண் பலகைகளில் ‘குஸா’ என்றும் இதன் உருவங்கள் கிடைக்கின்றன. டீக்கடை வாசலில் ‘குர்ச்சி’ கேட்கும் அனந்தப்பூர்க்காரர் நாலாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு சொல்லை வாயில் வைத்திருக்கிறார். கடல்வழியாக வணிகரோடு போன அரபிச் சொல் மலாயில் ‘குருசி’யாகவும் இந்தோனேசியாவில் ‘குர்சி’யாகவும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. சொல்லை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த பாரசீகத்திலேயே அது நாற்காலியைக் குறிப்பதை விட்டுவிட்டது. இன்று இரானில் ‘கொர்ஸி’ என்றால் குளிர்காலத்தில் கீழே தணல் வைத்து மேலே ரஜாய் விரித்து, குடும்பமே கால் நீட்டிச் சுற்றி உட்காரும் குட்டை மேசை. நாற்காலிக்கு அவர்கள் சொல்வது ‘ஸந்தலீ’, சந்தன மரத்தின் பெயரிலிருந்து வந்தது. சந்தனத்துக்குப் பெயர்போன ஜவ்வாது மலையின் ஒரு பகுதியைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தச் செய்திக்குக் கூடுதல் வாசனை உண்டு.

தமிழ்நாடு இவ்விரண்டு வரிசையிலும் சேரவில்லை. திருவண்ணாமலையையே எடுத்துக்கொண்டால், இந்த ஊர் அயல்மொழி கேட்காத ஊரில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இதைத் தலைநகராக வைத்திருந்தான். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் முறையில் அந்தக் கன்னட மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். கிழக்கே நிற்கும் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். பிறகு நவாபுகள், பிறகு ஆங்கிலேயர். தாசில்தாரையும் ஜமாபந்தியையும் தயங்காமல் எடுத்துக்கொண்ட ஊர்ப் பேச்சு, அந்த அதிகாரிகள் உட்கார்ந்த இருக்கைக்கு மட்டும் தன் சொல்லையே வைத்துக்கொண்டது: நாற்காலி.

நான்கு கால் உடையது நாற்காலி. அதற்குப் பக்கத்திலேயே முக்காலி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பெயரின் தர்க்கம் பிடிபடும். கட்டிலுக்கும் நான்கு கால், மேசைக்கும் நான்கு கால், மாட்டுக்கும் நான்கு கால். ஆனாலும் காலை எண்ணிப் பெயர் வைத்தது இதற்குத்தான். வீட்டில் ஏற்கெனவே மூன்று கால் இருக்கை இருந்தது. புதிதாக வந்தது அதைவிட ஒரு கால் கூடுதல் என்று பார்த்த கண் வைத்த பெயராகவே இது தோன்றுகிறது.

இப்படிக் காலை எண்ணிப் பெயர் வைக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறது. வட இந்தியக் கயிற்றுக் கட்டிலான ‘சார்பாய்’ என்பதற்கு நாலுகாலி என்றே பொருள். பாரசீகத்தில் ‘சஹார்பாயே’ என்றால் நம் ஸ்டூல். ஒடியாவில் நாற்காலிக்குப் பெயரான ‘சௌகி’யும் நான்கு என்ற வேரிலிருந்து முளைத்தது. கிரேக்கத்தில் ‘த்ராபெஸா’ என்ற நாலுகாலி மேசையைக் குறித்தது. காசு மாற்றுகிறவர் மேசையிலிருந்து வளர்ந்து இன்றைய ஏதென்ஸில் வங்கிக்கே அதுதான் பெயர். கணக்கு வகுப்பில் வரும் ட்ரபீசியமும் அந்த மேசையின் பிள்ளை.

மூன்று காலுக்கும் ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் சின்ன மேசையை ‘டீப்பாய்’ என்கிறோம். டீ வைக்கிற பொருள் என்பதால் வந்த பெயர் என்று நினைக்காதவர் குறைவு. உண்மையில் அது ‘திபாய்’, அதாவது மூன்று கால். வட இந்தியச் சொல்லை எடுத்த ஆங்கிலேயர் காதுக்குப் பழகிய தேநீரை அதில் ஏற்றிவிட்டார்கள். ஆக டீப்பாய் என்பது முக்காலி. இன்று கடையில் விற்கும் டீப்பாய்க்கு நான்கு கால். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, நாற்காலிக்கு முன்னால் தமிழர் எதன்மேல் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பாய், மணை, பலகை, திண்ணை. விருந்தாளிக்குப் பாய் விரிப்பார்கள். மாப்பிள்ளைக்கு மணை போடுவார்கள். உயர்ந்த இருக்கைக்குச் சொல் இல்லாமல் இல்லை. தவிசு, பீடம், அரியணை எல்லாம் உண்டு. அவை அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியவை. சாதாரண வீட்டுக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் சாமான் வந்தபோது அது சும்மா வரவில்லை. அதிகாரத்தின் வாடையோடு வந்தது. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ சிறுகதை அந்த வருகையைக் கரிசல் கிராமத்தில் வைத்துப் பதிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பெரிய உத்தியோகஸ்தர் முக்காலியில் உட்கார்ந்து உருண்டு விழ, அதற்குப் பிறகு நாற்காலி செய்யும் யோசனை எழுகிறது. வந்து சேர்ந்த நாற்காலி, ஊரில் செத்துப்போன பெரியவர்களை உட்கார்த்தி வைக்க இரவல் போகத் தொடங்குகிறது. எத்தனை ஆய்வுநூல் படித்தாலும் ஒரு பொருள் சமூகத்துக்குள் இடம்பிடிக்கும் விதத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியாது.

அந்த வாடை இன்னும் போகவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை. ‘நாற்காலியைப் பிடிப்பது’, ‘நாற்காலி ஆட்டம் காண்பது’ என்று பத்திரிகைகள் எழுதும்போது நமக்கு அது வெறும் சொல்வழக்கு. அந்த ஊராட்சி அறையில் அது நிஜமான சாமான்.

திருவண்ணாமலையின் புகழ்பெற்ற இருக்கை நாற்காலி இல்லை, சோபா. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி ஊருக்கு வந்த ரமணர் கோயிலிலும், பிறகு மலையில் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாக 1922வரை இருந்தார். அங்கே பாறையும் திண்ணையும்தான் இருக்கை. மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தபின், பழைய ஹாலில் போட்ட சோபாவில் அவர் பல ஆண்டுகள் அமர்ந்தும் சாய்ந்தும் இருந்தார். இப்போது அதன்மேல் அவருடைய பெரிய படம் வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே தரையில் மக்கள் கண்மூடி அமர்கிறார்கள். தமிழ் அடியார் அதைச் சோபா என்கிறார். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சோபா என்றும் ‘கௌச்’ என்றும் மாற்றி மாற்றி எழுதினார்கள். கௌச் என்பது பிரெஞ்சில் ‘படுக்கவை’ என்ற வினையிலிருந்து வந்தது. சோபாவோ உட்காரும் இடத்தின் பெயர். அந்த ஒரே இருக்கையில் இரண்டும் நடந்ததால் இரண்டு சொல்லும் பொருந்தின.

சோபாவின் வேர் அரபியின் ‘ஸுஃப்பா’. தரையைவிட உயர்த்திக் கட்டிய மேடை என்று பொருள். மதீனாவில் நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலை ஒட்டி, வீடில்லாத ஏழைத் தோழர்கள் தங்கியிருந்த நிழல்மேடைக்கும் அதே பெயர். தமிழில் அதற்கு நேர்ச்சொல் திண்ணை. மலையில் திண்ணையில் அமர்ந்தவர் கீழே வந்து அரபித் திண்ணையில் அமர்ந்தார் என்று சொன்னால் சொல்லாராய்ச்சிப்படி பிழையில்லை. கடைசியில் புதுக்கூடத்தில் அவருக்கென்று கருங்கல்லில் ஓர் இருக்கை செதுக்கினார்கள். 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். அந்தக் கல்லிருக்கையில் அவர் அமர்ந்தது சொற்ப நாள்தான். திண்ணை என்ற சொல்லைச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் எடுக்காமல், போர்ச்சுகீசியர் விட்டுப்போன ‘பயல்’ என்ற சொல்லால் அதைக் குறித்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடம் அவர்களின் பதிவேடுகளில் ‘பயல் ஸ்கூல்’. 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு.

பழைய ஹாலில் சோபாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கும்போது இன்னொரு உறவும் நினைவுக்கு வரும். கதெட்ராவில் உள்ள ‘ஹெட்’, ஆங்கிலத்தின் ‘சிட்’, வடமொழியின் ‘ஸத்’ மூன்றும் அமர்தல் என்ற ஒரே பழைய வேர். உபநிஷத் என்ற சொல்லுக்குள் இருப்பது அந்த ‘ஸத்’. அருகே கீழே அமர்வது என்பது அதன் உறுப்புகள் தரும் பொருள். யாழ்ப்பாணத்துக் கதிரையும் உபநிடதமும் தூரத்து உறவினர்.

இதுவரை வந்த சொற்களைப் பார்த்தோம். போன சொல் ஒன்றும் இருக்கிறது, அது கட்டில்.

கட்டு என்ற வினையிலிருந்து கட்டில். சட்டத்தில் கயிறு கட்டிச் செய்தது. சங்க காலத்தில் இதன் பரப்பு பெரிது. படுக்கையும் கட்டில், அரசனின் ஆசனமும் கட்டில். அரசுகட்டில் என்பது சிம்மாசனம். முரசுக்கும் கட்டில் இருந்தது. புறநானூற்றின் 50ஆம் பாட்டின் பின்னணி பலருக்கும் தெரிந்தது: களைப்பில் முரசுகட்டிலில் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்கு, வெட்டுப்பட வேண்டிய குற்றத்தை மறந்து, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசி நின்றான். நக்கீரரின் நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை அது செய்த யானையின் வயதுமுதல் விவரிக்கிறது. நாற்பது வயது யானை. ஆண்டாளின் திருப்பாவையிலும் தந்தக்கால் கட்டில் உண்டு. மார்கழி விடியலில் அந்தப் பாட்டு ஒலிக்கும் ஊர்களில் திருவண்ணாமலையும் ஒன்று. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. இரவில் அர்த்தஜாம பூஜை முடிந்தபின் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுவது அண்ணாமலையார் கோயிலில் அன்றாட வழக்கம்.

இந்தக் கட்டில் மூன்று வழியாக வெளியேறியது.

முதல் வழி வடக்கே. வடமொழியில் படுக்கைக்கு ‘கட்வா’ என்ற சொல் இருக்கிறது. அது திராவிடக் கட்டிலோடு தொடர்புடைய கடன்சொல் என்பது தாமஸ் பரோ போன்ற மொழியியல் அறிஞர்களின் கருத்து. பரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இந்த வகை உறவுகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தந்தது. கட்வா இந்தியில் ‘காட்’ ஆனது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஆங்கிலேயர், பயணத்துக்கும் பாசறைக்கும் ஏற்ற அந்த லேசான படுக்கையை எடுத்துக்கொண்டபோது பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் ஆங்கிலத்தின் ‘காட்’.

இரண்டாம் வழி மேற்கே. மலபார்க் கரையிலும் கோரமண்டலக் கரையிலும் இறங்கிய போர்ச்சுகீசியர், தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாக வழங்கும் இந்தச் சொல்லைக் கேட்டு ‘கத்ரே’ என்று தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். சாமானை மடித்துக் கப்பலில் ஏற்றுகிற மாலுமிக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. போர்ச்சுகீசியத்திலிருந்து ஸ்பானியத்துக்குப் போனது. ஸ்பானியர் கொடி பறந்த இடமெல்லாம் பரவி, தென் அமெரிக்காவில் மடக்குக் கட்டிலுக்கும், பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் வீட்டுக் கட்டிலுக்கும் இன்று ‘கத்ரே’ என்றே பெயர்.

மூன்றாம் வழி கிழக்கே. தமிழ் வணிகர் போய்வந்த மலாய்க் கரையில் சொல் உருமாறக்கூட இல்லை. மலாய் மொழியில் கட்டில் ‘காத்தில்’தான். மலேசிய மருத்துவமனைகளில் எத்தனை படுக்கை என்று எண்ணிச் சொல்லும்போது அரசு அறிக்கைகள் எழுதும் சொல் அதுவே. அங்கே உட்காருவது அரபிக் குருசியில், சாப்பாடு வைப்பது போர்ச்சுகீசிய ‘மேஜா’வில், தூங்குவது தமிழ்க் காத்தில்மேல்.

ஒரே கரையில், ஒரே நூற்றாண்டில், ஒரே மாலுமிகளோடு நடந்த கைமாற்று இது. அவர்கள் உட்காரும் சாமானைக் கொடுத்தார்கள், படுக்கும் சாமானின் பெயரை எடுத்துப்போனார்கள். தமிழ் கடன் வாங்கிய சொற்களின் பட்டியலை நாம் பலமுறை போட்டிருக்கிறோம், பெரும்பாலும் குற்றப்பத்திரிகை வாசிக்கிற தொனியில். கொடுத்த சொற்களின் பட்டியலையும் அதே அக்கறையோடு போட்டால், வாங்கியதைப் பற்றி அவ்வளவு கூச்சப்பட வேண்டியிருக்காது.

கார்த்திகை தீபம் நெருங்கும் வாரத்தில் திருவண்ணாமலை லாட்ஜுகளில் அறை கேட்டுப் போகிறவர்களுக்கு வரவேற்பு மேசையில் கிடைக்கும் பதில்: “டபுள் காட் ரூம் காலி இல்லைங்க.” கட்டு, கட்டில், கட்வா, காட் என்று கடல் தாண்டிப்போன சொல், ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து நிற்கிறது. அதை வீட்டுச் சொல் என்று யாரும் அடையாளம் காண்பதில்லை.

அதே ஊரை விட்டு செங்கம் சாலையில் கொஞ்சம் தள்ளிப் போனால், களத்துமேட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் கிடப்பதை இன்னும் பார்க்கலாம். தலைமாட்டிலிருந்து முக்கால் பங்குக்குப் பின்னல் நெருக்கமாக இருக்கும். கால்மாட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு, தனிக் கயிறு சட்டத்துக்கும் பின்னலுக்கும் இடையே வளைந்து வளைந்து ஓடும். நாளாக ஆகப் பின்னல் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும். அப்போது கட்டிலை அவிழ்க்க வேண்டியதில்லை. கால்மாட்டு முடிச்சை மட்டும் தளர்த்தி, ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, கயிற்றை ஒவ்வொரு வளைவாகச் சுண்டி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் மறுபடியும் இறுக்கிக் கட்டுவார்கள்.